குறைத்ததும் அறுபத்தைந்து, கூட்டியதும் அறுபத்தைந்து

நான் ஒரு முழுப் புள்ளியாக இருந்தது ஒன்பது வருஷம். அதன் பிறகு இன்றுவரை அரைப் புள்ளி. எங்கள் செட்டிமார் வழக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி எழுதுவதும் வீட்டில் நெல் அளப்பதும் அந்தப் புள்ளியை வைத்துத்தான். இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருக்கிறவர் அரை. என் வீட்டுக்காரர் பர்மாவில் காய்ச்சல் கண்டு போனார். அவர் போன செய்தி காரைக்குடிக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. பெண் குழந்தைக்கு மூன்று வயது. செய்தி வந்த அந்தத் தை மாதமே கணக்கப்பிள்ளை எனக்கு முப்பத்திரண்டு கலத்துக்குப் பதில் பதினாறு கலம் அளந்துவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் இல்லை. அழுவதற்கே பொழுது சரியாக இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் வீட்டு அமைப்பு வேடிக்கையாகத்தான் இருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே குடும்பம். உள்ளே போனால் நாலு மருமகள்களுக்கு நாலு அடுப்பு. கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்துப் பையனையும் பெண்டாட்டியையும் ‘வேறு வைப்பார்கள்’. வேறு வைப்பது என்றால் சண்டை போட்டுப் பிரிப்பது இல்லை. அதே வீட்டில் ஒரு அடுப்படி, ஒரு சாமான் அறை, வருஷத்துக்கு இத்தனை நெல் என்று ஒதுக்கிவிடுவது. அதற்கு மேல் அவரவர் சாமர்த்தியம். யார் வீட்டில் என்ன குழம்பு என்று பக்கத்து அடுப்புக்காரி மோந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் அடுப்பு வரிசையில் இரண்டாவது. காலையில் வெயில் முதலில் விழுகிற இடம். புருஷன் இல்லை, கையில் பணம் இல்லை, கொண்டுவந்த சீதனமும் பர்மா வட்டிக்கடையில் மாட்டிக்கொண்டுவிட்டது. எனக்கென்று மிஞ்சியது அந்த அடுப்பும் என் பெண்ணும்தான். அவளுக்குப் பிடித்த மாதிரி ரசத்தில் கொஞ்சம் கூடுதலாக மிளகு தட்டிப் போட எனக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இதை ஒரு பெரிய சுதந்திரம் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் மாமனார்தான் வீட்டுக்குப் பெரியவர். மாமியார் எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷமே போய்விட்டார். அந்த வகையில் மாமனாரும் அரைப் புள்ளிதான். ஆனால் நெல் அறைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அந்த அரைக்கும் என் அரைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வழக்கமும் எழுதி வைக்கவில்லை.

மாமனார் வட்டிக் கணக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். நூற்றுக்கு முக்கால், நூற்றுக்கு ஒன்றேகால் என்று அவர் வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் என்று ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் இந்த மாதம் இவ்வளவு, அடுத்த மாதம் இவ்வளவு என்று விகிதத்தைக் கூட்டுவார், குறைப்பார். முதல் ஒன்றே என்பதால் விகிதங்களை மட்டும் தனியே கூட்டிப் பார்த்தாலே போதும், கணக்கு வந்துவிடும். ஐம்பது வருஷம் அப்படியே பார்த்துப் பழகிய மூளை அது. கப்பல் கப்பலாகக் கொடுத்து வாங்கியவரை நான் குறை சொல்லக்கூடாதுதான். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் அரையான மூன்றாம் வருஷம் என் கொழுந்தனாரின் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். நல்ல பெண். என்னிடம் வந்து வந்து உப்புக் கடன் வாங்குவாள், திருப்பித் தரவே மாட்டாள். கொழுந்தனாரும் அரைப் புள்ளி ஆனார். அந்தத் தையில் அவருக்கும் பதினாறு கலம்தான் அளந்தார்கள். வைகாசியில் அவருக்கு வேறு பெண் பார்த்து முடித்தார்கள். அடுத்த தையில் மறுபடியும் முப்பத்திரண்டு கலம். ஆள் முழுதாகிவிட்டார். பந்தியில் பாயசம் பரிமாறக் கூப்பிடக் கூடாதவள் என்பதால் நான் அடுப்படியில் இருந்தபடியே மேளச் சத்தம் கேட்டேன். பொறாமையாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு பர்மாவில் நெல் விலை விழ ஆரம்பித்தது. கடன் வாங்கினவர்கள் பணத்துக்குப் பதில் வயலை எழுதிக் கொடுத்தார்கள். கடலுக்கு அந்தப்பக்கம் எங்களுக்கு நெல் வயல் சேரச் சேர, இந்தப்பக்கம் வீட்டில் நெல் குறைந்தது. ஒரு தை மாதம் மாமனார் வளவு முற்றத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

“காலம் சரியில்ல. இந்த வருசம் எல்லாருக்கும் நூத்துக்கு இருபத்தஞ்சு குறையும். நல்ல காலம் வந்தா குறைச்சதைக் கூட்டித் தந்துருவேன்.”

ரங்கூனிலிருந்து வந்திருந்த கொழுந்தனார், “டுவென்டிஃபைவ் பெர்சென்ட்” என்று பக்கத்தில் நின்று ஓதினார். எனக்குப் பதினாறு பன்னிரண்டானது. சொன்ன வாக்குத் தவறாமல் அடுத்த தையில் நூற்றுக்கு இருபத்தைந்து கூட்டினார் மாமனார். அதற்கடுத்த தையில் நிலைமை இன்னும் மோசமாகி நூற்றுக்கு நாற்பது குறைத்தார். அந்த வருஷம் நானும் பெண்ணும் ராத்திரியில் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுப் படுத்தோம். நெல் குத்துகிற பெண்ணுக்கும் துணி வெளுக்கிறவளுக்கும் கூலியாகத் தரவேண்டிய நெல்லை, “வர்ற தையில சேத்துத் தர்றேன்” என்று நிறுத்தி வைத்தேன். அவர்களும் என் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள். வந்த தையில் மாமனார் நூற்றுக்கு நாற்பது கூட்டினார். வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பழையபடி ஆகிவிட்டது என்று மூத்த ஆச்சி பிள்ளையார்பட்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். மூத்த ஆச்சி என்பது மாமனாரின் முதல் மருமகள். எனக்கு ஓரகத்தி.

நானும் நம்பினேன், அளந்ததை எண்ணிப் பார்க்கவில்லை. நிறுத்தி வைத்த கூலியை ஒரு மரக்கால் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், சாமான் அறையில் நெல் குதிர் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. கை விட்டால் கை முழுவதும் உள்ளே போனது.

நெல் நிற்கவில்லை என்பது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. நாலு அடுப்பிலும் அதே கதைதான். மற்றவர்களுக்குப் புருஷன் கையிலிருந்தோ பிறந்த வீட்டிலிருந்தோ கொஞ்சம் வந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. மூத்த ஆச்சி எலி தின்கிறது என்று முடிவு கட்டி ஒரு பூனை வளர்த்தார். கடைசி ஓரகத்தி வேலைக்காரிதான் மடியில் கட்டிக்கொண்டு போகிறாள் என்று அவளை நிறுத்திவிட்டாள். அந்த வேலைக்காரி கோவிலூர் மடத்துச் சோற்றுக்குப் போய் நிற்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பூனை மட்டும் நன்றாகக் கொழுத்தது.

ஆனி மாதம் என் குதிரில் பத்துப் பன்னிரண்டு நாளுக்குத்தான் நெல் இருந்தது. நான் தூண் மறைவில் நின்று மாமனாரிடம் ஆறு மரக்கால், அதாவது அரைக் கலம், முன்கூட்டிக் கேட்டேன்.

“எப்படி ஆத்தா காணாமப் போகும்?” என்றார். “நான் குறைச்சது என்ன? இருபத்தஞ்சும் நாப்பதும் அறுபத்தஞ்சு. கூட்டினது என்ன? இருபத்தஞ்சும் நாப்பதும் அறுபத்தஞ்சு. அதுக்கும் இதுக்கும் நேராப் போச்சு. ரெண்டு பேர் திங்கிறதுக்குப் பதினாறு கலம் பத்தாதுன்னா, நெல்லு எங்குட்டோ போகுதுன்னு அர்த்தம்.”

எங்குட்டோ என்றால் என் பிறந்த வீட்டுக்கு. அதைச் சொல்லாமல் சொன்னார். என் தகப்பனார் இல்லை, அண்ணன் மலாயாவில் கிடக்கிறான். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு நான் நெல் கடத்துகிறேனாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“ஆவணியில மூத்த பேரனுக்குக் கல்யாணம்,” என்று அவரே தொடர்ந்தார். “அவனுக்கும் ஒரு அடுப்படி வேணும். நீயும் ஒன் மகளும் மூத்தவ அடுப்புல சாப்பிட்டுக்கங்க. ஆடி பொறக்கவும் ஒன் அடுப்பை விட்டுரு. கஷ்டம்னு நெனைக்காத. நானும் அவ அடுப்புலதான சாப்பிடுறேன்?”

எனக்கு இருந்தது அவ்வளவு நாள்தான். ஆடிக்குள் என் நெல் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் அடுப்பும் போகும், திருடி என்ற பேரும் நிற்கும்.

அன்று மத்தியானம் என் பெண் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த புளியங்கொட்டைகளைப் பிடுங்கித் தரையில் பதினாறு வைத்தேன். கலத்துக்கு ஒன்று. நூற்றுக்கு இருபத்தைந்து குறை: நாலை எடுத்தேன், பன்னிரண்டு. நூற்றுக்கு இருபத்தைந்து கூட்டு: எடுத்த நாலையும் திரும்ப வைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டில் கால் பாகம் மூன்றுதான். நாலாவது கொட்டை என் கையிலேயே இருந்தது. பதினைந்து. பதினைந்தில் நூற்றுக்கு நாற்பது என்றால் ஆறு போய் ஒன்பது. ஒன்பதில் நூற்றுக்கு நாற்பது கூட்டினால் மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கொட்டையை அம்மியில் வைத்து உடைத்து வைத்தேன். மொத்தம் பன்னிரண்டரைக்குச் சற்றுக் கூட. எலி இல்லை, வேலைக்காரி இல்லை, என் அண்ணன் வீடும் இல்லை. பெரிய நூற்றில் வெட்டி, சின்ன நூற்றில் ஒட்டியிருக்கிறார்கள்.

மாமனார் மனத்தில் முதல் பதினாறாகவே உட்கார்ந்திருந்தது. கணக்கப்பிள்ளையோ, “நூத்துக்கு நாப்பது கூட்டு” என்று சொன்னதும் போன வருஷம் அளந்ததன் மேல் கூட்டியிருக்கிறார். இரண்டு பேரும் அவரவர் அளவில் யோக்கியமான மனிதர்கள். நடுவில் மூன்று கலத்துக்கு மேல் காணாமல் போனது. தெரிந்துகொண்டதில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று வருஷமாகக் கண்ணுக்கு நேரே நடந்ததைக் காணாமல் இருந்தேனே என்று எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் மாமனார் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடுகிற நேரத்தில் போனேன். கணக்கப்பிள்ளையும் இருந்தார். தூணுக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து தரையில் கொட்டைகளை வைத்தேன். மூத்த ஆச்சி, “இதென்ன கூத்து?” என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. வைத்துக் காட்டினேன், எடுத்துக் காட்டினேன். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை.

“அறுபத்தஞ்சும் அறுபத்தஞ்சும் நேர்தான ஆத்தா? கொட்டைய ஒளிச்சுக்கிட்டு வித்தை காட்டுறியா?”

அப்போதுதான் எனக்குக் கொழுந்தனார் ஞாபகம் வந்தது. இந்த வீட்டுக்குப் புரிகிற கணக்கு அது ஒன்றுதான் என்று தோன்றியது.

“மாமா, கொழுந்தனாருக்கு அவ போனதும் முப்பத்திரண்டைப் பதினாறாக்குனீக. நூத்துக்கு எத்தனை குறைச்சீக?”

“அம்பது.”

“மறுகல்யாணம் ஆனதும் முப்பத்திரண்டாக்குனீக. நூத்துக்கு அம்பதா கூட்டுனீக?”

மாமனார் வெற்றிலையை மடித்தபடியே இருந்தார். கணக்கப்பிள்ளைதான் மெதுவாக வாயைத் திறந்தார். “பதினாறுக்கு அம்பது கூட்டினா இருபத்து நாலுல்ல வரும். அவுகளுக்கு நூத்துக்கு நூறு கூட்டினோம்.”

“அவுகளுக்கு மட்டும் கணக்குத் தெரிஞ்சுதே,” என்றேன். “எனக்கு அளக்கிறப்ப அது எங்க போச்சு?”

இவ்வளவு பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. மூத்த ஆச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மாமனார் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து கொட்டைகளைத் தானே எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். அவர் விரல்களில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கடைசியில் உடைந்த கொட்டையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“அப்ப எல்லாருக்குமே குறைஞ்சிருக்கு,” என்றார்.

“எல்லாருக்கும்தான் மாமா.”

“நீ திருடலை.”

“இல்லை மாமா.”

எனக்கு அந்த ஒரு சொல்லே போதும் போல இருந்தது. அவர் எழுந்து, “இங்குட்டு வா ஆத்தா” என்று நெல் அறைக்கு முன்னால் நடந்தார். இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்தார். ஆறு மரக்கால் அளந்து கொடுக்கப் போகிறார், என் அடுப்பு பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

உள்ளே இருட்டு. கண் பழகியதும் பார்த்தேன். மூன்று ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கி இருந்த அறை அது. மூலையில் விதை நெல் கொஞ்சம். கோயிலுக்கு என்று மஞ்சள் துணி கட்டிய மூட்டை ஒன்று. மிச்சம் வெறும் தரை. கல்யாண நெல்லைக் கூட இனிமேல்தான் வாங்க வேண்டும் போல.

“ஒனக்கு ஒரு மரக்கால் குடுத்தா நாலு அடுப்புக்கும் குடுக்கணும்,” என்றார். “கணக்குச் சரிதான் ஆத்தா. நெல்லுதான் இல்ல. தை வரட்டும். ஒனக்குப் பதினாறு கலமும் அளக்கச் சொல்றேன், இது என் வாக்கு.”

என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த வெறும் அறையில் நின்றுகொண்டு அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் கூட மிஞ்சவில்லை. பயமாக இருந்தது. இத்தனை பெரிய வீட்டின் நடுவில் இவ்வளவு காலியான ஒரு அறை இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது.

ஆனி முடிந்த அன்று கடைசிப் படி அரிசியை வடித்தேன். ரசத்தில் மிளகு நிறையத் தட்டிப் போட்டேன். பெண் உறைக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் நான் தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்தேன். மறுநாளிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு மூத்த ஆச்சியின் அடுப்படிக்குப் போனோம். அவர் கெட்டவர் இல்லை. “வா, ஒக்காரு, கூச்சப்படாத” என்பார். ஆனால் அங்கே எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள். மாமனார் முதல் பந்தி. அவரும் அரைப் புள்ளிதான்.

ஆவணியில் என் அடுப்பை இடித்துவிட்டு அதே இடத்தில் புது அடுப்புப் போட்டார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கல்யாணமான புதுப்பெண்ணும் பையனும் சேர்ந்து நின்று பால் காய்ச்சினார்கள். அந்தப் பெண்ணிடம் எனக்கு வருத்தம் இல்லை. அவள் குழம்புக்கு வெந்தயம் தாளிக்கிற வாசனை வந்தால் மட்டும் நான் பின்கட்டுப் பக்கம் போய்விடுவேன்.

மாமனார் வாக்குத் தவறவில்லை. எங்கெங்கோ புரட்டிக் கொண்டுவந்து தையில் எல்லோருக்கும் சரியாக அளக்கச் சொன்னார். நூற்றுக்கு இத்தனை என்ற பேச்சே இல்லை. ‘முதல்ல குடுத்தது எவ்வளவோ அவ்வளவு’ என்பதுதான் உத்தரவு. மூத்த ஆச்சி பூனையை விரட்டிவிட்டார். கோவிலூருக்குப் போன வேலைக்காரியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று கடைசி ஓரகத்தி சொன்னாள். கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை என் சாமான் அறை வாசலில் மரக்காலைத் தட்டித் தட்டி, நிறுத்தி நிறுத்தி அளந்தார். நானும் கூடவே எண்ணினேன். பதினாறு கலம். ஒரு மணி குறையவில்லை.

அளந்து முடித்ததும் நான் மாமனாரிடம் போய்க் கேட்டேன். “நெல்லு வந்துருச்சு மாமா. பின்கட்டு ஓரத்துல சின்னதா ஒரு அடுப்புப் போட்டுக்கிறேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “அது முடியாது ஆத்தா” என்றார். “இருக்கிற அடுப்பை அரைப் புள்ளி வச்சுக்கலாம். புது அடுப்பைச் சோடியாத்தான் மூட்டணும். வழக்கம் அது. எனக்கு முடிஞ்சா நானே ஒண்ணு மூட்டிக்க மாட்டேனா?”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்காகவா, தனக்காகவா என்று நான் கேட்கவில்லை. நான் புளியங்கொட்டை வைத்துக் கற்றுக்கொண்டதில் இதுவும் அடங்கியிருந்தது, அன்றைக்குத்தான் கவனிக்கவில்லை. பதினாறைப் பன்னிரண்டாக்கினால் மறுபடி பதினாறாக்க ஒரு விகிதம் உண்டு. பாதியைக் கூட முழுதாக்கிவிடலாம், நூற்றுக்கு நூறு கூட்டினால் போதும். ஒன்றுமே இல்லாமல் போனதன் மேல் நூற்றுக்கு எத்தனை கூட்டினாலும் ஒன்றும் வராது.

நான் திரும்பி வந்தபோது கணக்கப்பிள்ளை மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

“சரியா இருக்கா ஆச்சி?” என்று கேட்டார்.

“சரியா இருக்கு,” என்றேன். “எல்லாத்தையும் மூத்த ஆச்சி குதிர்ல கொட்டிருங்க.”